நிலை முதலில், செதுக்கு கடைசியில்: பழைய செட்டிநாட்டுக் கதவு வாங்குவோருக்கு

பழைய மரக்கதவு பார்க்கப் போகிறவர்களின் கண் முதலில் போவது செதுக்கு வேலையில்தான். வாசலுக்கு மேலே வரும் செதுக்குப் பலகையான சூரியப்பலகையில் கஜலட்சுமி இருக்கிறாளா, ஓரத்தில் கிளி இருக்கிறதா, தாமரை உடையாமல் இருக்கிறதா என்று. அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியது நிலை, அதாவது கதவைத் தாங்கி நிற்கும் மரச்சட்டம். கதவுப் பலகை கெட்டிருந்தால் மாற்றலாம், ஒட்டுப் போடலாம், இழைத்துச் சரிசெய்யலாம். நிலை முறுக்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு நல்ல ஆசாரி வந்தாலும் அந்தக் கதவு ஒழுங்காக அடையாது.

இரண்டாவது, வாங்கும் நேரம். வீடு கட்டி முடித்துப் பூச்சும் பூசிய பிறகு கதவு தேடப் போனால், 7 அடிக்கு 3½ அடி திறப்புக்குள் அடங்கும் கதவாகத் தேட வேண்டிவரும். பழைய கதவுகள் அப்படிக் கணக்கு வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஒவ்வொரு வீட்டு ஆசாரியும் தன் வீட்டுக்குச் செய்தது அது. நம் ஊரில் அடித்தளம் முடிந்ததும் நல்ல நாள் பார்த்துத் தலைவாசல் நிலை வைத்துவிட்டுத்தான் சுவர் எழுப்புவார்கள். அந்த வழக்கம் இதற்கு அப்படியே பொருந்துகிறது: நிலை கையில் இருக்க வேண்டும், அதைச் சுற்றிச் சுவர் வர வேண்டும். வரைபடம் போடும் பொறியாளரிடம் நிலையின் வெளி அகலம், வெளி உயரம், உள் திறப்பு, கட்டையின் ஆழம், கீழ்ப்படியின் உயரம் ஆகிய ஐந்து அளவையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கதவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் எதைப் பார்த்து வாங்குவது என்பதும் தெரியும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 1940கள் வரை கட்டப்பட்டவை. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த காலம். அங்கிருந்து தேக்கு வந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததோடு அந்தச் செழிப்பு முறிந்தது. பிறகு பங்காளிகள் பெருகி, பராமரிக்க ஆளில்லாமல் பல வீடுகள் பிரிக்கப்பட்டன. தூண், உத்தரம், நிலை, சன்னல் எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கும் மற்ற ஊர்களுக்கும் வந்து சேர்ந்தன. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டும் வீடுகள் பிரிக்கப்படுவது நிற்கவில்லை. ஆகவே கடைக்காரரிடம் ஒரு கேள்வி அவசியம் கேட்க வேண்டும்: விழுந்த வீட்டிலிருந்து வந்த கதவா, இல்லை நன்றாக நிற்கும் வீட்டைக் கதவுக்காகப் பிரித்ததா? இரண்டாவது என்றால் விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. கோயில் கதவு என்று சொல்லி எதைக் காட்டினாலும் தொடவே வேண்டாம். வெளிநாட்டு வீட்டுக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கும் ஒன்று: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழங்கலைப் பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. அதற்கு உட்படாத பொருள்தான் என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொண்டே அனுப்ப வேண்டும்.

இனி நிலையைச் சோதிக்கும் முறை. கடையில் கதவுகளைச் சுவரில் சாய்த்து அடுக்கியிருப்பார்கள். அப்படியே பார்த்துவிட்டு வராதீர்கள். வெளியே எடுத்து சமதளத்தில் கிடத்தச் சொல்லுங்கள். இரண்டு நூல் வேண்டும். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒன்று, மற்ற இரண்டு மூலைக்கும் இன்னொன்று, இரண்டையும் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் அவை தொட்டும் தொடாமலும் ஒன்றையொன்று கடக்க வேண்டும். பிறகு மேல் நூலைக் கீழே மாற்றிக் கட்டிப் பாருங்கள். அப்போதும் அதேபோல் இருந்தால் நிலை நேராக இருக்கிறது. ஒரு முறை இடைவெளி விழுந்து, மாற்றிக் கட்டும்போது ஒன்றை ஒன்று அழுத்தினால் முறுக்கு. நடுவில் 5 மி.மீ. இடைவெளி தெரிந்தால் ஒரு மூலை 10 மி.மீ. எழும்பியிருக்கிறது என்று அர்த்தம். நடு இடைவெளி 3 மி.மீ. வரை என்றால் கதவு உட்காரும் காடியை, அதாவது பள்ளத்தை, இழைத்துச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் எவ்வளவு அழகான நிலையாக இருந்தாலும் வேண்டாம்.

குறுக்களவு, அதாவது மூலைக்கு எதிர் மூலை நீளம், வித்தியாசப்படுவது வேறு விஷயம். இரண்டு குறுக்களவும் சமமாக இல்லை என்றால் பல நேரம் மூலை இணைப்பு தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். மூலமட்டம் வைத்து இழுத்துப் பிடித்து, பழைய மர ஆணிக்குப் பதில் கொஞ்சம் தடித்த புது மர ஆணி அடித்தால் சரியாகிவிடும். அந்த இணைப்பை நன்றாக உற்றுப் பாருங்கள். மேல் குறுக்குக் கட்டையும் நிலைக்காலும் பிறந்தது முதல் ஜோடியாக இருந்தவை என்றால் சேரும் இடத்தில் நிறமும் தேய்மானமும் ஒன்றாக இருக்கும். ஒரு வீட்டுக் காலும் இன்னொரு வீட்டு மேல்கட்டையும் சேர்த்துக் கட்டிய நிலை சந்தையில் நிறைய உண்டு. அதில் பூவேலைப்பாட்டின் கோடு மூலையில் திரும்பாமல் வெட்டுப்பட்டு நிற்கும்.

நிலைக்கால்களின் அடி 6 அங்குலம்தான் அதிகம் கெட்டுப்போகும் இடம். பல வருடம் தரையோடு ஒட்டி ஈரம் குடித்த பகுதி. கூரான ஊசியோ மெல்லிய திருப்புளியோ வைத்து அழுத்துங்கள். வைரம் (மரத்தின் கெட்டியான நடுப்பகுதி) பாய்ந்த தேக்கில் நுனிகூட இறங்காது. கால் அங்குலம் சுலபமாக இறங்கினால் உள்ளே சொத்தை. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, மேலே கரும்பழுப்புப் பாலீஷ் அடித்து மறைத்திருப்பார்கள். ஆகவே பாலீஷ் போட்ட கதவைவிட, அழுக்கும் பழைய பெயின்டும் அப்படியே இருக்கும் கதவை வாங்குவது நல்லது. அதில் ஒளிக்க இடமில்லை. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே மேலே போங்கள், சத்தம் சட்டென்று மந்தமாகும் இடத்தில் அடைப்போ பொந்தோ இருக்கும்.

வண்டுத் துளை இருந்தாலே ஒதுக்க வேண்டாம். உளு என்ற அந்த வண்டு பெரும்பாலும் மரத்தின் வெளுத்த ஓரத்தைத்தான் தின்னும். அதில்தான் மாவுச்சத்து இருக்கிறது. வைரத்துக்குள் வராது. துளைக்குக் கீழே காகிதம் விரித்துக் கட்டையைத் தட்டினால், பவுடர் மாதிரி மெல்லிய தூள் கொட்டினால்தான் வண்டு இன்னும் வேலை செய்கிறது. பழைய துளை, தூள் இல்லை என்றால் கவலை இல்லை. கரையான் வேறு மாதிரி. மேல்தோலை விட்டுவைத்து உள்ளே பாளம் பாளமாக அரித்திருக்கும், மண் ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட காலை அறுத்து ஒட்டுப் போடாமல் வைக்கக் கூடாது.

எல்லாப் பழைய கதவும் தேக்கு அல்ல, ஆனால் எல்லாமே தேக்கு என்றுதான் விற்கப்படும். பின்பக்கம் தெரியாத இடத்தில் உளியால் ஒரு சீவல் எடுத்துப் பாருங்கள். தேக்கென்றால் உள்ளே பொன்பழுப்பு நிறம், தொட்டால் லேசான எண்ணெய்ப் பிசுக்கு, பதனிட்ட தோலின் வாசம். வேங்கையில் ஈரத்துணி வைத்தால் மஞ்சள் சாயம் இறங்கும், அதை ஒட்டி வெள்ளைச் சுவர் வந்தால் சுவரில் கறை நிச்சயம். வேங்கையும் பலாவும் மோசமான மரங்கள் அல்ல, உள்வாசலுக்கு நன்றாகவே உழைக்கும். தேக்கு விலைக்கு வாங்காமல் இருந்தால் சரி. பழைய பர்மா தேக்கில் குறுக்குவெட்டில் வளையங்கள் நெருக்கமாக இருக்கும். இப்போதைய தோட்டத் தேக்கில் வளையம் அகலம், ஓரத்து வெள்ளையும் அதிகம். புதிதாகச் செய்து பழசாக்கிய கதவையும் பின்பக்கம்தான் காட்டிக்கொடுக்கும். கையால் செய்ததில் மரம் செதுக்கும் வாச்சியின் தழும்பும் இழைப்புளியின் அலையும் இருக்கும். வட்ட ரம்பத்தின் வளைகோடும் நட்சத்திரத் தலைத் திருகாணியும் இருந்தால் புதுசு, அல்லது பிற்பாடு கைவைத்தது.

எடையைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. 6க்கு 5 அங்குலக் கட்டையில் 8 அடிக் கால் இரண்டு, 5 அடிக் குறுக்குக் கட்டை இரண்டு என்றால் மொத்தம் 26 அடி. 6 × 5 × 26 ஐ 144ஆல் வகுத்தால் சுமார் 5.4 கன அடி. தேக்கில் ஏறத்தாழ 100 கிலோ. 7க்கு 4 அடி, ஒன்றரை அங்குலக் கனமுள்ள இரட்டைக் கதவு இன்னொரு 3½ கன அடி, 60 கிலோவுக்கு மேல். நான்கு ஆள் இல்லாமல் இறக்க வேண்டாம். சூரியப்பலகையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அது பெரும்பாலும் தனியே செய்து மேலே பொருத்தியது, கையோடு வந்துவிடும்.

உயரம் ஒரு தொல்லை. தலைவாசல் தவிர்த்த உள்கட்டுக் கதவுகளில் பல 6 அடிக்கும் குறைவு. கீழ்ப்படி இல்லாத நிலை என்றால், கால்களை உயர்த்த எனக்குப் பிடித்த வழி, ஒவ்வொரு நிலைக்காலின் கீழும் 6 முதல் 9 அங்குல உயரக் கருங்கல் துண்டு வைப்பது. திறப்பு அந்த அளவுக்கு உயரும், ஈரமும் கரையானும் மரத்துக்கு ஏறுவதும் குறையும். கதவின் அடியில் விழும் இடைவெளிக்குக் கீழ்க் குறுக்குச்சட்டத்தோடு ஒரு தேக்குக் கட்டையை மர ஆணி போட்டு இணைத்து, மேலே பித்தளைத் தகடு அடித்தால் ஒட்டு தெரியாது. இரட்டைக் கதவில் அகலத்தையும் பாருங்கள். ஒரு கதவை மட்டும் திறந்தால் ஒன்றரை அல்லது இரண்டடிதான் கிடைக்கும். சக்கர நாற்காலி போக 900 மி.மீ. வேண்டும், ஆகவே இரண்டையும் சுலபமாகத் திறக்கும்படி தாழ்ப்பாள் அமைய வேண்டும்.

குடுமிக் கதவுக்குத் தனிக் கவனம் வேண்டும். பல பழைய கதவுகளில் கீல் கிடையாது. பக்கச் சட்டமே மேலும் கீழும் உருண்டையான குடுமியாக நீண்டு, மேல்கட்டையிலும் கீழ்ப்படியிலும் உள்ள குழிக்குள் சுழலும். கடைக்காரர்கள் கீழ்ப்படியை அறுத்துவிட்டுக் கொடுப்பது உண்டு. அப்படியானால் குடுமிக்கு இடமில்லை, நிலையின் சதுரத்தைப் பிடித்து நிறுத்தவும் ஆளில்லை. படியோடு இருக்கும் நிலையையே கேட்டு வாங்குங்கள். கீழ்க் குடுமி தேய்ந்தால் கதவு இறங்கித் தரையில் உரசும். அடிக் குழியில் பித்தளைக் கிண்ணமும், குடுமி நுனியில் பித்தளைப் பூணும் போட்டால் பல்லாண்டு ஓடும். கதவைக் கழற்றி மாட்ட வேண்டுமானால் மேல் குழிக்குள் கதவு எழும்பும் தூரம் கீழ்க் குடுமியின் நீளத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். கீழே முக்கால் அங்குலம் என்றால் மேலே ஒரு அங்குலமாவது எழும்ப வேண்டும். இது இல்லாமல் நிலையோடு சேர்த்தே கோத்த கதவும் உண்டு. அதைக் கழற்ற நிலையையே பிரிக்க வேண்டும், ஆகவே சுவரில் வைப்பதற்கு முன்பே எல்லாப் பழுதும் பார்த்துவிட வேண்டும்.

கீல் போடுவதானால் 30 கிலோ எடையுள்ள ஒவ்வொரு கதவுக்கும் 5 அங்குலப் பித்தளைக் கீல் நான்கு. பித்தளைத் திருகாணியைத் தேக்கில் நேராக முடுக்கினால் கழுத்து முறியும். அளவான துளை போட்டு, முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை மெழுகு தடவி முழுதும் முடுக்கிக் கழற்றிவிட்டு, பிறகு பித்தளையைப் போட வேண்டும். இரும்பையே விட்டுவிடலாமே என்று தோன்றும். ஈரம் பட்டால் தேக்கும் இரும்பும் சேர்ந்து கருநீலக் கறை வடியும்.

பழைய பெயின்டை உரிப்பதில்தான் நல்ல கதவுகள் பாழாகின்றன. அடியில் இருக்கும் பழைய அடுக்குகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும், நெருப்புக் குழல் காட்டினால் புகையாகப் போகும், மரமும் கருகும். பெயின்ட் உரிப்பான் தடவி ஈரமாகவே சுரண்டுங்கள். கையுறையும் முகமூடியும் இருக்கட்டும், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி எடுப்பது வேகமாக முடியும். ஆனால் தேக்கு கறுத்துப்போகும், பசை இணைப்பு விடும், நார் எழும்பும். செதுக்கு இடுக்குகளுக்கு மூங்கில் குச்சியும் பித்தளை பிரஷும். இரும்புக் கம்பளி வேண்டாம், அதன் துகள் மரத்தில் மாட்டி மழைக்காலத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். இருக்கும் இரும்புக் கறைக்கு ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்துத் தடவி, கறை போனதும் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும். அது நஞ்சு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

கதவுப் பலகை காடிக்குள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மரம் ஈரத்தில் அகலவாக்கில் விரியும், வெயிலில் சுருங்கும். 300 மி.மீ. அகலத் தேக்குப் பலகை, ஈரம் 4 சதவீதம் மாறினால் சுமார் 2 மி.மீ. மாறும். அது நகர இடமில்லாமல் ஆணியடித்தோ பசை போட்டோ இறுக்கினால் நடுவில் பிளக்கும். பல பழைய கதவுகளில் தெரியும் நீள விரிசல், பழுது பார்த்தவர் அடித்த ஆணியால் வந்தது. ஆணியைப் பிடுங்கினால் விரிசல் தானே கொஞ்சம் சேரும், மீதிக்கு மெல்லிய தேக்குச் சீவலை ஒரு பக்கம் மட்டும் பசை தடவிச் செருகலாம். ஒட்டும் முன் அந்த இடத்தை அசிட்டோனில் துடைக்காவிட்டால் தேக்கில் இருக்கும் எண்ணெய், பசையைப் பிடிக்க விடாது.

மேல்பூச்சு எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பழைய வீட்டில் தலைவாசல் கதவு திண்ணைக்கும் சரிந்த கூரைக்கும் உள்ளே ஆழமாக இருந்தது. மழை அதைத் தொட்டதில்லை. அதே கதவைப் புது வீட்டின் மொட்டை முகப்பில், மேற்கு வெயிலுக்கு நேராக வைத்துவிட்டு இரண்டு வருடத்தில் வெடித்துவிட்டது என்று மரத்தைக் குறைசொல்வது நியாயமில்லை. குறைந்தது 3 அடி நீண்ட மறைப்பு மேலே வேண்டும். அது முடியாது என்றால் பழைய கதவை உள்ளே பூஜை அறைக்கோ கூடத்துக்கோ வைத்து, வெளியே புதுக் கதவு போடுவது உத்தமம். வெளிவாசலுக்குச் சூரிய ஒளி தாங்கும் வெளிப்புறப் பாலியூரித்தேன், அல்லது வருடாவருடம் புதுப்பிக்க மனமிருந்தால் எண்ணெய். மெலமைன் பாலீஷ் வெயிலில் பொரிந்து உரியும். அரக்குப் பாலீஷ் தண்ணீர் பட்டால் வெளுக்கும், அது உள்கதவுக்கு மட்டும். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடக் கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவைக்க வேண்டும். எந்தப் பூச்சாக இருந்தாலும் ஆறு பக்கமும் பூச வேண்டும். கதவின் மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் விட்டுவிடுவார்கள். ஈரம் அங்கேதான் ஏறும்.

வைக்கும்போது முடிந்த தரை மட்டத்தைக் கணக்கிட்டு நிலை வையுங்கள். அடித்தள மட்டத்துக்கு வைத்துவிட்டால் பிறகு கலவையும் டைல்ஸும் 2, 3 அங்குலம் ஏறும். நிலையின் அடிப் பூவேலை புதையும், கதவின் அடியை அறுக்க வேண்டிவரும், அந்த அறுப்பு கீழ்ச் சட்டத்தின் முளைவரை (இணைப்புக்குள் செருகியிருக்கும் நுனிவரை) போனால் கதவு தளர்ந்துவிடும். சுவரைத் தொடும் பக்கங்களுக்குப் பிரைமரோ தாரோ பூசி, ஒரு காலுக்கு மூன்று இரும்புப் பிடி வைத்துக் கான்கிரீட் போடுங்கள். மேலே சுவரின் பாரத்தைக் கான்கிரீட் லிண்டல் தாங்க வேண்டும், பழைய மேல்கட்டையின் தலையில் ஏற்றக் கூடாது. சிமென்ட் வேலை முடியும்வரை நிலையைச் சாக்கோ பாலிதீனோ சுற்றி வையுங்கள். செதுக்குக்குள் காய்ந்த சிமென்டை எடுக்கப் பூவும் சேர்ந்து வரும்.

பூட்டுக்காகப் பழைய சட்டத்தைக் குடைய வேண்டாம். உள்ளே பதிக்கும் பூட்டுக்கு 4 அங்குல அகலச் சட்டம் வேண்டும். பழையதில் பெரும்பாலும் 3 அங்குலம்தான். குறுக்குச்சட்டம் வந்து சேரும் இடத்தில் குடைந்தால் இணைப்பே போய்விடும். உள்பக்கம் மேலோட்டமாகப் பொருத்தும் பூட்டு, முதலில் அடையும் கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள், இரவுக்குக் குறுக்கே ஒரு கணையமரம். வெளியே பழைய சங்கிலியும் நாதாங்கியும் அப்படியே இருக்கட்டும். கொசுவலைக் கதவு வேண்டுமானால் நிலையில் அதற்குக் காடி இருக்காது. உள்பக்கம் தனியாக 2 அங்குலச் சட்டம் அடித்து அதில் மாட்ட வேண்டும்.

பக்க இடைவெளி 3 மி.மீ., இரண்டு கதவும் சேரும் நடுவில் 3, அடியில் 6 முதல் 8. இது ஐப்பசி மழையில் பொருத்தினால். சித்திரை வெயிலில் பொருத்தினால் பக்கத்தில் இன்னும் ஒன்றிரண்டு மி.மீ. கூடுதலாக விடுங்கள், மழை வந்ததும் அது நிரம்பிவிடும். முதல் மழைக்காலத்தில் கதவு லேசாகப் பிடித்தால் உடனே இழைக்கச் சொல்லாதீர்கள். தை பிறந்து மரம் காய்ந்த பிறகும் பிடித்தால் மட்டும், உரசிய தடம் தெரியும் இடத்தில் ஒரே ஒரு சீவல் எடுத்துவிட்டு அந்த விளிம்புக்கு மறுபடி பூச்சுப் பூசுங்கள்.